பெட்டியில் பழுது இல்லை

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று மதியம் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் ஓர மேசையில் இருந்த ஒரு பெண்மணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்தில் ஏதோ குழந்தை அழுகிறது போல என்று நினைத்தேன். அந்த மேசையில் குழந்தையே இல்லை.

ஞாயிறுதோறும் இந்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்கிறோம். குழு அண்ணனுடையது, அவன் கீபோர்டு, நான் கிடார். இன்று என் கிடார் தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்டது. பாட்டுக்காரப் பெண் 'ஸ' வருகிற இடத்திலெல்லாம் சீறினாள். அவள் மேல் தப்பில்லை, நன்றாகத்தான் பாடினாள். அதையெல்லாம் அப்படிக் கூர் தீட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். முகத்தில் அவ்வளவு திருப்தி.

வண்டியில் வரும்போது கேட்டார், "இன்னிக்கு சவுண்டு எப்படி?"

"நல்லா இருந்துச்சுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 14, புதன்

வாஷிங் மெஷின் வேலை முடிந்து பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. அவர் அதற்குப் பக்கத்து மேசையில்தான் ஏதோ ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து இறங்கிப் போய் நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு? மேனேஜர் ரெண்டு தடவை வந்து சொல்லிட்டார். அந்தக் கூர்ச் சத்தத்தை, ட்ரெபிளை, அப்படி ஏத்தி வச்சா யார் சாப்பிட முடியும்?"

"நீ சொல்லேன்."

"நானா? நீ பொண்டாட்டி, சண்டை போட்டாலும் சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் போகணும். நான் சொன்னா ஜென்மத்துக்கும் பேச்சு இருக்காது."

சொல்வது சுலபமா? எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் கையை ஒரு தட்டுத் தட்டி, "இந்த ரூம் இருநூத்தைம்பது ஹெர்ட்ஸ்ல கூவும், அதைக் கொஞ்சம் வெட்டணும்" என்று சொல்லிவிடுகிற மனுஷன். காது ஒன்றுதான் அவர் சொத்து. வேறொரு குழுவின் மிக்ஸர்காரர் காது மந்தமாகிப் போனபோது இவர் அடித்த கேலி கொஞ்சநஞ்சமில்லை. அவருக்கு எதிரிலேயே வாயை மட்டும் அசைத்துப் பேசிக் காட்டுவார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இவரிடம் போய் உங்களுக்கும் அதேதான் என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 25, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன். சவுண்ட் செக் முடிந்து அவர் மிக்ஸருக்குப் போனதும், என் ஆம்ப்ளிஃபயரில் ஆறில் இருந்த ட்ரெபிள் குமிழை மூன்றுக்கு இறக்கிவிட்டேன். எங்களுக்குள் ஆம்ப்ளிஃபயரின் பெயர் பெட்டி. குமிழ்கள் பெட்டியின் மேல்புறம், என் முதுகுக்குப் பின்னால். அவருக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இந்தப் பெட்டியில் எந்தக் குமிழும் எதையும் கூட்டுவதில்லையாம். உள்ளே வருகிற ஒலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் போடத்தான் தெரியுமாம். பத்தில் வைத்தால் எடுப்பது குறைவு, ஒன்றில் வைத்தால் எடுப்பது அதிகம், அவ்வளவுதான். "இல்லாததை எந்த நாப்பைத் திருப்பினாலும் கொண்டுவர முடியாது" என்பார். அப்போது எனக்கு அது புரிந்ததைவிட, அதைச் சொல்லும்போது அவர் கை போன அழகுதான் பிடித்திருந்தது.

இரண்டாவது பாட்டில் அவர் மிக்ஸரில் என் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நான் இங்கே இறக்க, அவர் அங்கே ஏற்ற, நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டுக்காரப் பெண்ணின் மைக்குக்கு அண்ணன் தடிமனான பஞ்சு உறை ஒன்று மாட்டிவிட்டான். யாரும் காதைப் பொத்தவில்லை. மேனேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பெட்டியைக் கட்டுவதற்கு முன் குமிழை மறுபடி ஆறில் வைத்துவிட்டேன்.

சாமர்த்தியக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

"உன் பெட்டியில என்னமோ குறை இருக்கு" என்றார், வண்டியை விட்டு இறங்கும்போது. "வீட்டுல நல்லா இருக்கு. மேடையில வச்சா போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. சூடானதும் எதுவோ விட்டுப் போகுது."

"அப்படியா? எனக்குத் தெரியலையே" என்றேன்.

மார்ச் 9, சனி

காலையிலிருந்து பெட்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். வீட்டின் முன் அறைதான் அவர் பட்டறை. பழைய கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார். "இதுங்க காய்ஞ்சு போயிருக்கணும். சூடானதும் மேல் சத்தத்தைக் கீழ இறக்கிடும்." நல்ல காரணம். கேட்டால் யாரும் நம்புவார்கள்.

ஒவ்வொன்றாகப் போட்டு முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துக் கேட்கிறார். எட்டி நிற்கிற எனக்கே ஹெட்போனுக்குள் இருப்பது கேட்கிறது. ட்ரெபிளைத் தேடுகிறாராம். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

குமிழ் மறுபடியும் மூன்றில்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று புதுக் காரணம். ஸ்பீக்கரிலிருந்து பேஸ் என்கிற அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், ட்ரெபிள் மட்டும் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். பெட்டி தரையில் இருப்பதால் அது எல்லோருடைய முழங்காலுக்கும் போய்க்கொண்டிருக்கிறதாம், காதுக்கு அல்ல. இதுவும் உண்மைதான், கிடார் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே பெட்டியை நாற்காலியில் ஏற்றி, பின்பக்கம் சாய்த்து, கூடத்தைப் பார்க்க வைத்தார். டார்ச் வெளிச்சம் நேராக மேனேஜர் மேசையில் விழுந்தது.

இரண்டுக்கு இறக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

ஸ்பீக்கரையே மாற்றிவிட்டார். பழையதைக் கழற்றும்போது நான்தான் ஸ்க்ரூக்களை வாங்கி வாங்கிக் கிண்ணத்தில் போட்டேன். புதியதைப் பொருத்திவிட்டு, "வாசி" என்றார். ட்ரெபிளை எட்டில் வைத்திருந்தார். எனக்குப் பல் கூசியது.

"எப்படி?"

"பிரமாதம்."

எவ்வளவோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மிச்சமிருந்த ஸ்க்ரூ ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இதை நீயே வச்சுக்கோ, அவார்டு" என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்றைய அந்தச் சிரிப்பை நினைத்து, இன்று முதல் பாட்டில் குமிழைத் தொடவில்லை. முன் மேசைக்காரர்கள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பாட்டில் இறக்கினேன். மிக்ஸரில் அவர் முகம் சுண்டிப்போனதை இங்கிருந்தே பார்த்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்கு வேலை மறந்துபோச்சு. ஒரு பெட்டியைச் சரி பண்ணத் தெரியல."

ஐயோ, அது இல்லை, உங்களுக்கு வேலை மறக்கவில்லை—

ஏப்ரல் 13, சனி

ஒருவர் பழுதான பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வேற யார்கிட்டயாவது காட்டுங்க, என் கை இப்போ சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? காதைக் காப்பாற்றப் போய்க் கையைப் பறித்துவிட்டேன். அவருக்குத் தன் காதில் சந்தேகமே இல்லை. கையில்தான் சந்தேகம். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று கூடத்தில் ஏதோ வேலை நடப்பதால் எங்களுக்கு விடுமுறை. ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடமிருந்து அளவு பார்க்கிற மைக் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதை ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்தி, லேப்டாப்பில் இணைத்தார். குமிழ்கள் எல்லாம் ஐந்தில். "இன்னிக்குத் தெரிஞ்சிடும். காதை நம்ப வேண்டாம், கோடு சொல்லட்டும்" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? தெரியாமல்தான்.

அந்த மைக்குக்கு ஒரே ஒரு ஊளை போதும். கீழே உறுமலில் தொடங்கி, நிதானமாக மேலே மேலே ஏறி, கொசு ரீங்காரம் மாதிரி மெலிந்து முடியும். அது ஏற ஏற, இந்த ஸ்பீக்கர் எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது என்று திரையில் ஒரு கோடு வளர்ந்துகொண்டே போகும்.

பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊளை ஏற ஏற அவர் கையும் ஏறியது. பழக்கம் அது. நான் கதவருகில் நின்றேன். உறுமல், பிறகு மனிதக் குரல் மாதிரி ஒன்று, பிறகு விசில். விசில் இன்னும் கூர்மையாக ஏறிக்கொண்டிருந்தபோது அவர் கை இறங்கியது.

"அவ்வளவுதான், முடிஞ்சது. பார்த்தியா, மேல ஒண்ணுமே இல்ல. நான்தான் சொன்னேனே" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கப் போனார்.

அது முடியவில்லை. அறை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. என் முகம் சுளித்திருந்தது, அதை எப்படி மறைப்பது? அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார், அது காது வரை ஏறியிருந்தது. மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். கோடு அப்போதுதான் மலை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், நாலாயிரம் வரைக்கும், இந்த மாதிரி ஸ்பீக்கர்கள் ஓங்கிக் கத்துகிற இடம். அதற்குப் பிறகுதான் சரிவு. அந்தச் சரிவும் முடிந்து சத்தம் நிற்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

இன்னொரு தடவை ஓட்டினார். இந்தத் தடவை கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. எந்த இடத்தில் அவருக்குச் சத்தம் நின்றதோ அந்த இடத்தில் திரையில் விரலை வைத்தார். விரலுக்கு வலப்பக்கம் மலை முழுசாக இருந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் மூளை அவர் மூளைதானே, அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. "அப்போ மேடையில மட்டும் ஏன் இன்னும் மந்தமா இருந்துச்சு?"

"நான் குறைச்சு வச்சேன்."

"எப்போலேருந்து?"

"பிப்ரவரிலேருந்து. எல்லாரும் காதைப் பொத்துறாங்க, அண்ணன் சொல்லச் சொன்னான், எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலங்க, உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்—"

கையைக் காட்டி நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஸ்பீக்கர் மாத்தும்போது ஸ்க்ரூ வாங்கி வாங்கிப் போட்டியே" என்றார்.

ஏப்ரல் 22, திங்கள்

அவர் டீயை அவரே போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

காது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஒவ்வொரு சத்தமாகப் போட்டு, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. முதலில் டக் டக் என்று அழுத்தியது. பிறகு வெகு நேரம் சும்மா இருந்தது.

டாக்டர் தாளைக் காட்டினார். இடப்பக்கம் நேராகப் போன கோடு, மூவாயிரத்தில் கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது. இவர் அதை ஒரு பார்வைதான் பார்த்தார். "இதுவும் நாங்க ஸ்பீக்கருக்கு எடுக்குற கோடு மாதிரிதான் டாக்டர், ரெஸ்பான்ஸ் கர்வ். ஸ்பீக்கரா இருந்தா மாத்திடலாம்" என்றார். டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார்.

பிறகு டாக்டர் கேட்டார், "சமீபத்துல ரொம்ப சத்தத்துல வேலை பார்த்தீங்களா? ஹெட்போன் ஏதாவது?"

"ரெண்டு மாசமா. ஒரு பெட்டியில ட்ரெபிளைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

"அதனாலதான்னு சொல்ல முடியாது, பல வருஷச் சத்தம் இது. ஆனா அது நல்லது பண்ணியிருக்காது. போனது திரும்பாது. இனிமே போகாம பார்த்துக்கலாம்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எங்கே பார்த்திருப்பேனோ, தெரியவில்லை. பாவி, நான்தான் அந்த இரண்டு மாதத்தையும் கொடுத்தேன்.

மே 5, ஞாயிறு

காலையில் அண்ணனுக்கு அவரே போன் செய்துவிட்டார். "மச்சான், மிக்ஸருக்கு வேற ஆள் பார்த்துக்கோங்க. ட்ரெபிள் எனக்குக் கொஞ்சம் ஒத்துக்கல." எதிர்ப்பக்கம் அண்ணன் என்ன சொன்னானோ, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்" என்று இவர் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்தவர் நன்றாகவே செய்தார். குமிழை ஆறில் வைத்து ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்தேன். கிடார் இவ்வளவு அழகாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மிக்ஸர் பக்கம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தே வாசித்தேன்.

மே 26, ஞாயிறு

காதுக் கருவி வந்துவிட்டது. பேப்பர் புரட்டினால் கூரை இடிந்து விழுகிறது என்கிறார். என் வளையல் சத்தம் இப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டதாம். கிடாரை எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "போன்ல கேக்குற மாதிரி இருக்கு" என்று கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"போகப் போகப் பழகிடுங்க."

"நீ சொல்லாதே" என்றார். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான்.

ஜூன் 15, சனி

வெளியே கிளம்பினோம். "இந்தச் சட்டை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். முதல் சட்டை உண்மையிலேயே நன்றாக இருந்தது. நீல நிறம், அவருக்கு எடுப்பாக இருக்கும். சத்தியமாக நன்றாக இருந்தது.

ஜூன் 29, சனி

சண்டை போட்டால் என்ன? ஒரு நாள் உட்கார்ந்து, நீ இப்படிச் செய்தாய், அப்படிச் செய்தாய் என்று கொட்டித் தீர்த்தால் என்ன? எதுவும் நடக்காதது போல நடந்துகொள்கிறார். சாப்பிடுகிறார், ஜோக் அடிக்கிறார், நான் தும்மினால் மாத்திரை வாங்கி வருகிறார். ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போதெல்லாம் என்னிடம் 'எப்படி இருக்கு' என்று எதையும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 20, சனி

ஏப்ரலில் திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி அதே பெட்டியோடு வந்தார். வேறு யாராலும் சரி செய்ய முடியவில்லையாம். இவர் தலையைச் சொறிந்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்து, மைக்கை நிறுத்திக் கோடு எடுத்து, சாயங்காலத்துக்குள் பழுது இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஹெட்போனைத் தொடவே இல்லை. கை அப்படியே இருக்கிறது, அதே அழகு.

எனக்கு அழுகையாக வந்தது. மாடிக்குப் போய்த் துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

முன் அறையில் இப்போது பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காதுக் கருவி பாதி நாள் காதில், பாதி நாள் மேசையில். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றான். "நோயாளிங்க பேசாத ஆஸ்பத்திரி, மச்சான்" என்றார் இவர்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நிகழ்ச்சி முடிந்து வந்து கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தேன். முன் அறையிலிருந்து கூப்பிட்டார். அந்தத் திரை, அந்த மைக், யாரோ ஒருவருடைய பெட்டி. "ஒரு நிமிஷம் இதுல வாசி. கோடு சரியா இருக்கு, ஆனா வாசிச்சா எப்படி இருக்குன்னு கோட்டுக்குத் தெரியாது" என்றார். ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பெட்டியைக் கேட்டுச் சொல்ல என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஒயரை மெதுவாகச் செருகினேன்.

வாசித்தேன். பூசி மெழுகிவிடக் கூடாது என்று, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். "மேல குத்துது. மூவாயிரம் பக்கத்துல. பிடிக்கல."

ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினார். "இப்போ?"

"குத்து போச்சு. ஆனா நடுவுல பள்ளமா இருக்கு. குழுவோட சேர்ந்து வாசிச்சா காணாமப் போயிடும்."

மிடில் குமிழை ஏற்றினார். குமிழின் மேல் இருந்த விரலை எடுக்காமல் காத்திருந்தார். நான் ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பார்த்தேன். அடியில் கனமும், நடுவில் குரலும், மேலே வேண்டிய அளவு ஒளியும் இருந்தன. யாருடைய பெட்டியோ, கொடுத்து வைத்தவர்.

"இப்போ நல்லா இருக்கு" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, சரிதானா என்று திரையைப் பார்த்தார்.